நோரீன் வீட்டுக் கண்ணாடி அறை

நோரீன் ஹாஸ்லம் தான் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதாக ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "எனக்கு எதுக்குப் பொறாமை?" என்பாள். யாரும் கேட்காதபோதே சொல்வாள். இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில், சோர்லி ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்று பிள்ளைகளின் தட்டில் கஸ்டர்டு ஊற்றியவள் அவள். எந்தத் தட்டில் அரைக் கரண்டி கூடுதலாக விழுந்தது என்பது அவள் கண்ணுக்குத் தப்பாது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பார்ப்பதற்குப் பக்கத்து வீடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

பக்கத்து வீட்டில் பாலின் கிரிம்ஷா இருந்தாள். ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஹாஸ்லம், அந்தப் பக்கம் கிரிம்ஷா. இங்கே தும்மினால் அங்கிருந்து ஆசீர்வாதம் வரும். பாலின் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தவள். புருஷன் நார்மன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவள் வீட்டில் காலைப் பாத்திரம் சாயங்காலம்வரை கழுவாமல் கிடக்கும். ஜன்னல் துடைக்க மாட்டாள். ஆனாலும் தெருவில் யாருக்குச் சும்மா உட்கார்ந்து பேசத் தோன்றினாலும் கால் தானாக அந்த வீட்டுக்குத்தான் போகும். பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் தன் வாசலைத் தாண்டி அத்தனை பேரும் அங்கே போவது ஏன் என்று நோரீனுக்கு விளங்கியதே இல்லை.

இருவரும் சரிசமமாக நின்றது ஒரே ஒரு விஷயத்தில்தான். அது வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தைப் பார்த்தபடி இருந்த கண்ணாடி அறை. இளவயதில் இரண்டு குடும்பமும் ஒரே வாரத்தில், ஒரே ஆளை வைத்துக் கட்டியது. வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம், சுற்றிலும் கண்ணாடி, தலைக்கு மேல் பிளாஸ்டிக் தகடு. கோடையில் உள்ளே வைத்த சாக்லேட் ஒழுகும். குளிர்காலத்தில் அதுவே இரண்டாவது ஃபிரிட்ஜ். கிறிஸ்துமஸ் வான்கோழியும் ட்ரைஃபிள் என்கிற கேக்குப் புட்டிங்கும் அங்கேதான் தூங்கும். மழை பெய்தால் தகட்டின் மேல் விழும் சத்தத்தில் டிவி காதில் விழாது. லங்காஷயரில் மழை எப்போது பெய்யாது என்று கேட்காதீர்கள். ஆக வருடத்தில் சில வாரங்களுக்கு மட்டுமே அது மனிதர் உட்காரும் அறை. அந்தச் சில வாரங்களில் நோரீனின் கணவர் டெஸ்மண்ட் தன் பச்சை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். பிரெஸ்டனுக்குப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனை காலம் ரோட்டைப் பார்த்தாயிற்று, இனிமேல் குருவியைப் பார்க்கிறேன் என்று தோட்டத்தில் குருவிகளுக்கு இரை போடும் தீனிக்கூண்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மடியில் டிக்ஸி என்கிற பூனை.

அப்படி இருக்கும்போது ஒரு வசந்தகாலத்தில், துணி உலர்த்திக்கொண்டிருந்த நோரீனிடம் வேலிக்கு அப்பாலிருந்து பாலின் பேச்சுக் கொடுத்தாள்.

"நோரீன், நான் கண்ணாடி ரூமுக்கு நெஜக் கூரை போடலாம்னு இருக்கேன் கண்ணு. ஓட்டுக்கூரை. குளிர் தாங்கற பலகை வெச்சு, உள்ள பூசி, தரைக்கடியில சூட்டுக் கம்பி எல்லாம். வருஷம் பூரா உக்காரலாமாம். ரெண்டு வீட்டுக்கும் சேத்துப் போட்டா ஒரே சாரத்துல முடிஞ்சிடும்னு மேஸ்திரி சொல்றாரு. உனக்கு அதுல எல்லாம் இஷ்டம் இருக்காதோ என்னமோ..."

இஷ்டமா? நோரீனுக்கு அந்தக் கணமே அந்தக் கூரையின்கீழ் போய் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்த ஊரில் எதற்கும் ஒரு முறை உண்டு. கேக்கானாலும் கூரையானாலும் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். உடனே சரி என்பவள் பேராசைக்காரி. கேட்டவர் இரண்டாவது தடவை வற்புறுத்துவார், அப்போது, "நீ இவ்வளவு சொல்றதால..." என்று இறங்கி வரலாம்.

"ஐயோ, எங்களுக்கு எதுக்கு? இருக்கறதே போதும். கூரையைப் போட்டா நெலவறை மாதிரி இருட்டாயிடும். எனக்கு வெளிச்சம் இல்லாம முடியாது" என்றாள் நோரீன். சொல்லிவிட்டு, கையில் துணிக்கிளிப்போடு இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"சரி கண்ணு" என்று பாலின் உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு நோரீன் உலர்த்திய துணி எல்லாம் கோணலாகக் காய்ந்தது. ஒரு தடவைதான் கேட்டாள்! கேட்க வேண்டுமே என்று கேட்டாள்! தனக்கு மட்டும் நல்ல கூரை வேண்டும் என்பதற்காகவே கேட்டுவிட்டு ஓடினாள் என்று டெஸ்மண்டிடம் பொரிந்தாள்.

"வேணும்னா வேணும்னு சொல்லியிருக்கலாமே" என்றார் டெஸ்மண்ட்.

"அது எப்படிச் சொல்லுவாங்க?"

அதுவும் சரிதான் என்று டெஸ்மண்ட் தலையாட்டினார். அவரும் அந்த ஊர்க்காரர்தானே.

கோடை முழுவதும் பக்கத்தில் வேலை நடந்தது. பழைய தகடுகள் இறங்கின, உத்தரம் ஏறியது, சாம்பல் நிற ஓடு ஏறியது. நோரீன் மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு ஓடும் ஏறுவதைப் பார்த்தாள். மழை வந்து வேலை கெட வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். அந்த வருடம் பார்த்து லங்காஷயரில் மழையே இல்லை.

வேலை முடிந்த அன்று பாலின் தெருவையே கூப்பிட்டாள். நோரீன் போனாள், போகாவிட்டால் பேசிக்கொள்வார்களே. உள்ளே கால் வைத்ததும் உள்ளங்காலில் இதமான சூடு ஏறியது. கூரையில் இரண்டு ஜன்னல். அதில் மழை விழுந்தால்கூடச் சத்தம் கேட்காதாம். இருட்டாக இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. நோரீன் வீட்டுப் பக்கம் பாலின் சுவர் எழுப்பி அதிலும் ஒரு ஜன்னல் விட்டிருந்தாள். 

"ரொம்ப அழகா இருக்கு பாலின்" என்றாள். "எனக்குத்தான் வெளிச்சம் பத்தாது."

அந்த ஒரு வார்த்தையில் வாயை விட்டு மாட்டிக்கொண்டாள். வெளிச்சம் வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்னவள் இப்போது அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டாமா? நவம்பர் வந்தது. நோரீன் கோட்டு போட்டுக்கொண்டு, டெஸ்மண்டின் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, மடியில் வெந்நீர்ப் பையோடு தன் கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து ஜன்னலிலிருந்து பாலின் கையாட்டினாள். நோரீன் தேநீர்க் கோப்பையை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள். கோப்பையில் இருந்தது வாய்க்கு வரும் முன்பே ஆறிப் போயிருந்தது.

"உள்ள வா நோரீன். நெஞ்சில சளி கட்டிக்கப் போகுது" என்றார் டெஸ்மண்ட் சமையலறை வாசலில் நின்று.

"நல்லாத்தான் இருக்கு. காத்து சுத்தமா இருக்கு."

"உன் மூக்கு நீலமா இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. என் மூக்கு."

முதலில் போனது டிக்ஸி. பூனைக்கு வீம்பு கிடையாது. ஒருநாள் காலை வேலியில் ஏறி அந்தப் பக்கம் குதித்தது. அப்புறம் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தது. அப்புறம் அதற்கும் வரவில்லை. அதைக் கூப்பிட்டு வரப் போன டெஸ்மண்ட் இருட்டிய பிறகுதான் திரும்பினார். மறுநாள் பூனையைச் சாக்குச் சொல்லாமலே போனார். அதற்கடுத்த நாள் சட்டைப் பையில் டொமினோ ஆட்டக் கட்டைப் பெட்டியைப் போட்டுக்கொண்டு போனார். மதியச் சாப்பாடு முடிந்து தொப்பியை எடுத்தாரென்றால் விளக்கு வைக்கும் நேரம்தான் வருவார், கன்னம் சிவக்கச் சூடாக, பாலினிடம் கேட்ட ஏதோ ஒரு கதையை நினைத்துச் சிரித்துக்கொண்டே.

அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை என்று நோரீனுக்குத் தெரியும். இருந்திருந்தால் தேவலை, சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் டொமினோக் கட்டை தட்டும் சத்தமும், பாலினின் பெரிய சிரிப்பும், அதற்குள் மெதுவாக இவருடைய சிரிப்பும் கேட்கும். நம் வீட்டில் இந்த மனுஷன் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசிப்பாள். யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒன்று மட்டும் உறுதிப்பட்டது. சூடான அறை இருப்பதால்தான் போகிறார். அதைவிட நல்ல அறை இங்கே இருந்தால் போக மாட்டார். புருஷனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமானால் கூரை போட வேண்டும்.

கப்பலில் நார்வே போக என்று இரண்டு பேரும் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். அது கூரைக்குப் போயிற்று. 

அடுத்த வசந்தத்தில் அதே மேஸ்திரி வந்தார். பழைய அஸ்திவாரம் கனத்தைத் தாங்குமா என்று ஓரத்தில் குழி தோண்டிப் பார்த்து, தாங்கும் என்று தலையாட்டினார். "பக்கத்து வீட்டு மாதிரியே போட்டுடலாமா அம்மா?" என்றார்.

"பக்கத்து வீட்டுல கூரையில ரெண்டு ஜன்னல். எனக்கு மூணு."

தரைக்கு ஓக் மரப் பலகை. சுவருக்குப் பாலேட்டு வண்ணம். பாலேட்டு வண்ணத்திலேயே ஒரு சோபா. பாலின் வீட்டுப் பக்கம் இருந்த ஜன்னலுக்கு மட்டும் கனமான திரை. அந்தப் பக்கத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்வைக்கு அசிங்கம் என்று குருவித் தீனிக்கூண்டு தோட்டத்து மூலைக்குப் போயிற்று. பச்சை நாற்காலி, கைப்பிடி கிழிந்து பஞ்சு தெரிய, கட்டட வேலைக்காக வாசலில் நின்ற இரும்புக் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

சாயங்காலம் பாலின் வேலியோரம் வந்தாள். அந்தத் தெருவில் யாரும் கேட்காமல் அடுத்தவர் தொட்டியில் கை வைக்க மாட்டார்கள். "தொட்டியில ஒரு நாற்காலி கெடக்கே, உனக்கு வேண்டாம்னா நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோ. குப்பைதானே" என்றாள் நோரீன். பாலின் தன் குப்பையைப் பொறுக்கும் நாளும் வந்ததே என்று அன்று இரவுச் சாப்பாடு அவளுக்கு ருசித்தது.

"நாற்காலி எங்க?" என்று மட்டும் கேட்டார் டெஸ்மண்ட்.

"போயிடுச்சு. புது சோபா வருது."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அறை முடிந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாலின் வீட்டைவிட நன்றாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்கத்தான் நோரீன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பாலினும் வந்து பார்த்துவிட்டு, "மூணு ஜன்னலா! எனக்குத் தோணவே இல்ல பாரு" என்று மனசாரச் சொன்னாள். அதுவும் நோரீனுக்குக் குத்தலாகத்தான் பட்டது. பொறாமைப்பட வேண்டியவள் படாமல் போனால் அத்தனை செலவும் எதற்கு?

ஆனால் உட்காருவது என்று வந்தபோதுதான் சங்கடம். நோரீனின் அம்மா வீட்டில் முன்னறை என்று ஒன்று இருந்தது. பாதிரியார் வந்தால் திறப்பார்கள், சவப்பெட்டி வந்தால் திறப்பார்கள். நோரீன் அதில் முதல்முறை உட்கார்ந்ததே அவள் அப்பா இறந்த அன்றுதான். நல்ல அறை என்றால் அதை நல்லபடி வைத்திருக்க வேண்டும் என்பது அவள் ரத்தத்தில் ஊறியது. வருடம் முழுவதும் உட்காரக் கட்டிய அறையில் ஒருவரையும் உட்கார விட அவளுக்கு மனசு வரவில்லை.

"டெஸ்மண்ட், ஷூவைக் கழட்டு. பிஸ்கட் உள்ள வேண்டாம். அந்தப் பேன்ட்டோட சோபாவுல உக்காராத, கறை படும்."

"பின்ன எந்தப் பேன்ட்டோட உக்காரணும்?"

"சர்ச்சுக்குப் போற பேன்ட் இருக்கே."

டெஸ்மண்ட் சோபாவின் ஓரத்தில், பரிசோதனைக்கு வந்தவர் போல முழங்காலில் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். குருவிக்கூண்டு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, சோபாவில் விழுந்த பள்ளத்தைக் கையால் தட்டிச் சரிசெய்தார். "நல்லா இருக்கு நோரீன். ரொம்ப நல்லா இருக்கு" என்றார். தொப்பியை எடுத்தார்.

"எங்க?"

"சும்மா, பக்கத்துல."

கதவு சாத்திய சத்தம் கேட்டது. தரைக்கடியில் கம்பி சூடாகிக்கொண்டிருந்தது. சோபாவில் பூனை மயிர் ஒன்றுகூட இல்லை. நோரீன் நடுவில் நின்றாள். நார்வேயைக் கொடுத்துக் கட்டிய அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. இத்தனை நாள் பார்க்க மாட்டேன் என்று இருந்தவள், விறுவிறுவென்று போய்ப் பக்கத்து ஜன்னல் திரையை விலக்கினாள்.

பாலினின் ஜன்னலுக்குள் எல்லாம் தெரிந்தது. மேஜையில் கழுவாத கோப்பைகள், தரையெல்லாம் பிஸ்கட் துகள். ஷூவைக்கூடக் கழற்றாமல் டெஸ்மண்ட் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். மடியில் டிக்ஸி. அவர் உட்கார்ந்திருந்தது பச்சை நாற்காலியில். கிழிந்த கைப்பிடியைப் பாலின் புதுத் துணி வைத்துத் தைத்திருந்தாள். முதுகுக்கு ஒரு பின்னல் குஷன். அந்தக் குஷனைப் பார்த்ததும் நோரீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமாகத்தான் ஆரம்பித்தது, பாதியில் வேறாகிவிட்டது.

முப்பது வருடப் பழக்கத்தில் அவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கொல்லைக் கதவு வழியாகத்தான் போவார்கள். அன்று நோரீன் சுற்றிக்கொண்டு போய் முன்கதவைத் தட்டினாள். திறந்த பாலின் பயந்துவிட்டாள்.

"யாரு கண்ணு செத்தது?"

"யாரும் சாகல. நாற்காலி வேணும்."

"எந்த நாற்காலி?"

"எந்த நாற்காலின்னு உனக்குத் தெரியும்."

"நீதானே எடுத்துக்கன்னு சொன்ன."

"சொன்னேன்."

"கூரைக்கும் வேண்டாம்னுதானே சொன்ன?"

"இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா நீ?" என்றாள் நோரீன். "ஊர்ல எல்லாரும் கேப்பாங்களே. ஒரே ஒரு தடவை. நான் அங்கேயே கிளிப்பை வெச்சுக்கிட்டு நின்னேன்."

பாலின் கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். "கடையில ஒருத்தி குட்டையா வெட்டாதன்னா நான் வெட்ட மாட்டேன் நோரீன். ரெண்டாவது தடவை கேட்டுப் பழக்கமே இல்ல. இத்தனை வருஷமா நீ சொல்றதை எல்லாம் அப்படியே நம்பிட்டுல்ல இருக்கேன்."

"எனக்குப் பொறாமை பாலின்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் நோரீனுக்கே அது கேட்டது. உள்ளே டொமினோக் கட்டை ஒன்று தரையில் விழுந்தது.

"கூரை மேலயா?" என்றாள் பாலின்.

"கூரை மேல. உன் சிரிப்பு மேல. என் வீட்டுப் பூனை உன் வீட்டுல தூங்குது. என் வீட்டுக்காரர் உன் வீட்டுல சிரிக்கறார். குஷன் வேற பின்னிக் குடுத்திருக்க."

"அது நார்மனுக்குப் பின்னினது" என்றாள் பாலின். "சும்மா கெடந்துது."

 பிறகு பாலின் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "டெஸ்மண்ட், எந்திரிங்க. உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க. நாற்காலியும் போகுது. ஒரு பக்கம் பிடிங்க, கனம்."

டெஸ்மண்டும் பாலினும் நாற்காலியைத் தோட்டத்து வழியாகத் தூக்கி வந்தார்கள். டிக்ஸி வாலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. புது அறைக் கதவைத் தாண்டும்போது நாற்காலிக் கால் ஓக் பலகையில் உரசி நீளமாக ஒரு கீறல் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டாள். டெஸ்மண்ட் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஷூவோடு, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.  பூனை மடியில் ஏறியது.

"குருவிக்கூண்டைப் பழைய எடத்துலயே வெச்சிடட்டுமா?" என்றார்.

"நாளைக்கு வை."

பாலின் கையைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தாள். அந்தப் பக்கத்து ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேஜை மேல் இரண்டு கோப்பை, பாதி ஆட்டத்தில் நின்ற டொமினோ, நாற்காலி இருந்த இடம் காலியாக.

"டீ குடிச்சிட்டுப் போ பாலின்."

"வேண்டாம் கண்ணு. இப்பதான் குடிச்சேன்."

கேட்டாயிற்று. வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. இத்தோடு விட்டால் யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தக் கூரைக்கும் இந்த டீக்கும் சரியாகப் போயிற்று என்று கதவைச் சாத்திவிடலாம். சாத்த வேண்டும் என்று நோரீனுக்கு ஆசையாகவும் இருந்தது. பாலின் வெளியே ஒரு கால் வைத்துவிட்டாள்.

"பாலின். உக்காருன்னு சொல்றேன்ல."

பாலின் திரும்பினாள். தோட்டத்து மண் ஒட்டிய செருப்போடு வந்து பாலேட்டு வண்ண சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நோரீன் சமையலறைக்குப் போய்க் கெட்டிலைப் போட்டு, காலையில் செய்த இஞ்சிக் கேக்கை வெட்டினாள். ஒரு துண்டு கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. அவள் கண்ணுக்கு அது தப்பவில்லை. கத்தி கையில்தான் இருந்தது. ஓரத்தைச் செதுக்காமல், அதையே கொண்டுபோய்ப் பாலின் முன்னால் வைத்தாள்.